பள்ளி அலுவலகத்துக்கு நேரில் போகத் தயங்க வேண்டாம்: பதிவு, இடமாற்றம், கட்டண உதவி பற்றி

பொங்கோல் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மகள் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1 (முதல் வகுப்பு) போகிறாள். ஜூலையில் பதிவு கட்டம் கட்டமாகத் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டால் குழுவுக்கு ஒரு பதில் வருகிறது. பழைய மாணவர்களின் பிள்ளைகள் வரும் 2ஏ கட்டத்துக்குப் பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் மாறிவிட்டது என்கிறார் இன்னொருவர்.

என் நிலைமை கொஞ்சம் சிக்கல். நான் படித்த தொடக்கப்பள்ளி இன்னொரு பள்ளியோடு இணைக்கப்பட்டுவிட்டது. பள்ளிச் சான்றிதழில் என் பெயர் அப்பா பெயரோடு 'டி/ஓ' (இன்னாரின் மகள்) போட்டு இருக்கிறது. இப்போது அடையாள அட்டையில் கணவர் பெயர். எழுத்துக்கூட்டலும் வேறு. நான்தான் அந்த மாணவி என்று எப்படிக் காட்டுவது?

இரண்டாவது கவலை மாமியாரைப் பற்றி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி மதியம் ஒன்றரை மணி வாக்கில் விடும். பிள்ளையைக் கூட்டிவரப் போவது மாமியார். அவருக்குத் தமிழ் மட்டும்தான். ஏதாவது அவசரம் என்றால் அலுவலகத்தில் என்ன பேசுவார்?

இதைக் கேட்க அலுவலகத்துக்குப் போகலாம் என்றால் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் 'எதற்குத் தொந்தரவு, இணையத்தில் பார்' என்கிறார்கள். நம்மவர்கள் பலர் இப்படித்தான் அலுவலக வாசலைத் தவிர்க்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

ஈசூன்வாசி

அக்கா, 2ஏ பற்றிச் சொல்கிறேன். 2022 பதிவிலிருந்து பழைய 2ஏ1, 2ஏ2 இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சங்க உறுப்பினர் என்பதற்குத் தனி முன்னுரிமை கிடையாது. பெற்றோரில் ஒருவரோ அண்ணன் அக்காவோ அந்தத் தொடக்கப்பள்ளியில் படித்திருந்தால் போதும். பள்ளி வளாகத்திலேயே இருக்கும் கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் இதே கட்டத்தில்தான் வருகிறார்கள்.

அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார்கள். எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகளுக்காக 2சி கட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் ஒதுக்கும் இடங்களை 20-லிருந்து 40 ஆக்கினார்கள். பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர் போன்றவர்களுக்கான 2பி கட்டத்துக்கு 20 அப்படியே இருக்கிறது. அதனால் 2ஏ கிடைக்காவிட்டாலும் வாசல் மூடிவிடாது.

---

முன்னாள் எழுத்தர்

தங்கச்சி, நான் பள்ளி அலுவலகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்தப் பெயர் விவகாரம் என் மேசைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஆட்களின் பெயர் ஒரே மாதிரி இருப்பதே அபூர்வம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிப் பதிவேட்டில் அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது ஒன்று. 'எல்' ஒன்றா இரண்டா, கடைசியில் 'எம்' உண்டா இல்லையா என்று குழப்பம். அப்பா பெயரைச் சிலர் முதலெழுத்தாக வைத்திருப்பார்கள், சிலர் 'எஸ்/ஓ', 'டி/ஓ' போட்டு முழுசாக எழுதியிருப்பார்கள். இந்தப் பெயர்களைப் பார்த்துப் பழகாத ஊழியருக்கு இரண்டும் வேறு வேறு ஆளாகத்தான் தெரியும். அது அவர் குற்றம் இல்லை.

ஆனால் பெயர் மாறினாலும் பிறப்புச் சான்றிதழ் எண் மாறாது. இங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் பிறகு அடையாள அட்டை எண். பெயரில் சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதனால் கையில் இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், இருந்தால் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தேர்ச்சித் தாள், பெயர் மாற்றியதற்கான ஆவணம் அல்லது திருமணச் சான்றிதழ். பழைய மதிப்பெண் புத்தகம் இருந்தால் அதையும் விடாதீர்கள். அதில் வகுப்பு, ஆண்டு, முதல்வர் கையெழுத்து எல்லாம் இருக்கும்.

பள்ளி இணைந்துவிட்டது என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இணைக்கப்பட்ட பள்ளியில் படித்தவர்களைப் புதிய பள்ளியின் பழைய மாணவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். பேட்டைகளில் பிள்ளைகள் குறையக் குறைய இணைப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2019-இல் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிகளே எட்டு நான்காகின. பள்ளி பெயர் மாறியதால் நம் உரிமை போய்விட்டது என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

முக்கியமாக, ஜூலைக்குக் காத்திருக்காதீர்கள். பதிவு அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக இணையத்தில்தான் நடக்கும். ஆனால் பெயர்ச் சிக்கல் போன்றதை மே மாதமே நேரில் போய்ச் சொல்லி வைத்துவிட்டால், பதிவு நேரத்தில் அலுவலகத்துக்கு உங்கள் கதை தெரிந்திருக்கும். காலை ஏழரைக்குப் போகாதீர்கள். தாமதமாக வரும் பிள்ளைகள், மறந்துபோன தண்ணீர் போத்தல்கள், விடுப்பு சொல்லும் அழைப்புகள் எல்லாம் அப்போதுதான் குவியும். ஒன்பதரை மணிக்கு மேல் போனால் உங்களை உட்காரவைத்துப் பேச நேரம் இருக்கும்.

---

பொங்கோல் அம்மா

ரொம்ப நன்றி அக்கா. பிறப்புச் சான்றிதழ் எண்ணைப் பற்றி எந்தக் குழுவிலும் யாரும் சொல்லவில்லை. விடுகைச் சான்றிதழ் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

---

ஜூரோங் அப்பா

நேரில் போங்கள் என்று எல்லாரும் சொல்வது சரி. ஆனால் எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் பதிந்துவைக்க வேண்டும்.

உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் வெஸ்ட்டுக்கு வீடு மாறினோம். மகன் அப்போது தொடக்கநிலை 2. தொடக்கப்பள்ளி இடமாற்றத்துக்கு நாமே பள்ளியைத் தொடர்புகொண்டு இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டால் 'இடம் இல்லை' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மறுபடி கேட்டாலும் அதே பதில். காத்திருப்போர் பட்டியல் உண்டா, எப்போது இடம் வரலாம், எதுவும் சொல்லவில்லை. மகன் அதிகாலையில் எழுந்து ரயிலில் தூங்கிக்கொண்டே உட்லண்ட்ஸ் போய்வந்தான். அதைப் பார்க்க மனசு வலித்தது. எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.

கடைசியில் வேறொரு பள்ளிக்கு நேரில் போனேன். அங்கிருந்த அம்மா என் விவரத்தை எழுதிக்கொண்டு, ஆண்டு இறுதியில் இடம் வரலாம், அக்டோபரில் திரும்பக் கேளுங்கள் என்றார். சொன்னபடியே கிடைத்தது. ஒரு எழுத்தர் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசியதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வருஷம் மிச்சமானது. அதைத்தான் முதல் பள்ளியும் செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

---

முன்னாள் எழுத்தர்

தம்பி, உங்கள் கோபம் நியாயம். 'இடம் இல்லை' என்பதோடு ஒருவரை அனுப்பிவைப்பது பாதி வேலைதான். இடம் எப்போது வரும் என்று அலுவலகத்துக்கு ஓரளவு தெரியும், சொல்லலாம்.

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். தொடக்கநிலை 1, 2-இல் வகுப்புக்கு 30 பேர் வரை. 3-ஆம் வகுப்பிலிருந்து 40 வரை போகலாம். அதனால் 2 முடிந்து 3 தொடங்கும்போது வகுப்புகளைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்ற கணக்கு அலுவலகத்தில் அப்போதுதான் தெளிவாகும். வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் எல்லாம் நவம்பர், டிசம்பர் விடுமுறையை ஒட்டித்தான் சொல்வார்கள். ஆண்டு நடுவில் கேட்டால் 'இல்லை' என்றே வரும். ஆண்டின் கடைசித் தவணையான நான்காம் தவணையில் கேளுங்கள். ஒரே பள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பக்கத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் கேளுங்கள்.

---

கோவையிலிருந்து

வணக்கம். நாங்கள் வேலைக்காக இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மகனுக்கு ஐந்து வயது. ஊரில் பள்ளி அலுவலகம் என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துப் போவோம், நன்கொடை பேச்சு வரும். இங்கே யாரைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் படிக்க வைக்க முடியுமா?

---

ஈசூன்வாசி

யாரையும் பிடிக்க வேண்டாம் அண்ணா. இங்கே அது நடக்காது, முயற்சி பண்ணவும் வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தில் வருகிறார்கள். முதலில் அமைச்சின் இணையத்தளத்தில் ஆர்வத்தைத் தெரிவிக்கும் படிவம் போட வேண்டும். குடியுரிமை உள்ளவர்களும் நிரந்தரவாசிகளும் பதிந்த பிறகு மிச்சம் இருக்கும் இடங்கள்தான் கிடைக்கும், உத்தரவாதம் இல்லை. படிவத்துக்கான தேதியைத் தவறவிடாதீர்கள். 2-ஆம் வகுப்பிலோ அதற்கு மேலோ சேர்வதென்றால் ஏயிஸ் என்ற, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதனால் தொடக்கநிலை 1-இலேயே முயல்வது நல்லது.

நாளைக்கு நிரந்தரவாசம் கிடைத்து வேறு பிள்ளைக்குப் பதிந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமாகிக் குலுக்கல் வந்தால் குடியுரிமை உள்ளவர்களுக்கு முதலிடம். அவர்களுக்குள்ளும் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர், ஒன்று முதல் இரண்டு, அதற்கு மேல் என்று வரிசை. நிரந்தரவாசிகளுக்கும் அதே தூர வரிசை, ஆனால் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பிறகுதான். தூரத்தை அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் முகவரி போட்டுப் பாருங்கள்.

---

தமிழாசிரியை

தமிழைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பெரும்பாலான அரசு தொடக்கப்பள்ளிகளில் தமிழ் உண்டு. ஆனால் சீன மரபை மையமாக வைத்து நடக்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழியாகச் சீனம்தான். பெயரும் புகழும் பார்த்து அங்கே பதிந்துவிட்டு, பிறகு தமிழுக்கு என்ன செய்வது என்று வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அமைச்சின் 'ஸ்கூல் ஃபைண்டர்' பக்கத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் என்னென்ன தாய்மொழிகள் என்று இருக்கிறது. பதிவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பிறகு அலுவலகத்தில் இன்னும் இரண்டைக் கேளுங்கள்: ஒரு வகுப்பு நிலையில் எத்தனை பிள்ளைகள் தமிழ் எடுக்கிறார்கள்? தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திலேயே நடக்கிறதா? இவற்றுக்குத் தளத்தில் பதில் இருக்காது. அலுவலகத்தில் கேட்டால் எங்களிடம் கேட்டுச் சொல்வார்கள்.

உயர்நிலையில் சில பள்ளிகளில் தமிழ் இருக்காது. அப்போது பிள்ளைகள் தமிழ்மொழி நிலையங்களுக்குப் போவார்கள். பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்படி ஒன்று.

பொங்கோல் அம்மா, உங்கள் மாமியார் பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்தில் 'தமிழ் டீச்சர்' என்று மட்டும் சொன்னால் போதும். நான் வேலை செய்த எல்லாப் பள்ளிகளிலும் யாராவது ஒரு பாட்டி வந்தால் எங்களுக்கு அழைப்பு வரும். வகுப்பில் இருந்தால் உடனே வர முடியாது, இடைவேளையில் வருவோம். அதை ஒரு சுமையாக நாங்கள் நினைப்பதில்லை.

---

தெம்பனிஸ் தாத்தா

உமறுப்புலவர் பெயரைப் பார்த்ததும் எழுதுகிறேன். அந்தப் பெயரில் பள்ளிக்கூடமே இருந்தது. 1946-இல் தொடங்கியது. இங்கே கடைசியாக இருந்த தமிழ்ப் பள்ளி அதுதான். 1982-இல் மூடினார்கள். அந்தக் காலத்தில் அப்பா அம்மா பள்ளிக்கு வந்தால் வாசலிலிருந்து தலைமையாசிரியர் அறை வரை தமிழிலேயே பேசிவிட்டுப் போவார்கள். பயம் இல்லை. பிறகு 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதல் மொழி ஆனது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக் கிழவிக்கும் நடுவே ஒரு கதவு அப்போது சாத்திக்கொண்டது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இன்றைக்கும் பாதி வீடுகளில் நாங்கள்தானே. எங்களுக்கும் அலுவலகத்தில் நின்று பேச உரிமை வேண்டும்.

---

ஜூரோங் அப்பா

ஐயா, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் தமிழ் பேசும் ஒருவர் வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? நாலைந்து பேர்தான் வேலை செய்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சில பள்ளிகளில் மிகக் குறைவு. பெற்றோர்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

---

தெம்பனிஸ் தாத்தா

ஆள் போடச் சொல்லவில்லை தம்பி. வருகிறவரை உட்காரச் சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுவிடும் வழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறேன். ஆசிரியை சொன்னது போல.

---

முன்னாள் எழுத்தர்

ஐயா சொல்வதோடு எனக்கு உடன்பாடு. நடைமுறையில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், பொங்கோல் அம்மா.

பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் மாமியாரை நீங்களே கூட்டிக்கொண்டு போய், வாயில் காவலருக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் அறிமுகப்படுத்துங்கள். முகம் தெரிந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர் என்று அவர் பெயரை எழுத்தில் கொடுங்கள். ஒரு அட்டையில் பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, உங்கள் இருவர் கைப்பேசி எண்களை ஆங்கிலத்தில் எழுதி அவர் பையில் வைத்துவிடுங்கள். பேச்சு வராத நேரத்தில் அதை நீட்டினால் போதும், நாங்கள் உங்களைக் கூப்பிட்டுவிடுவோம். ஒரு பாட்டி அப்படி ஒரு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். பேரனுக்குக் காய்ச்சல் என்று அழைத்த நாளில் எங்களோடு ஒரு வார்த்தை பேசாமலே வேலை முடிந்தது.

ஆசிரியரின் சொந்த எண்ணைக் கேட்டு வாங்குவதை நம்பி இருக்காதீர்கள். 2024 செப்டம்பரில் அமைச்சு தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் போட வேண்டியதும் இல்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆக, பகலில் அவசரம் என்றால் அலுவலக எண்தான். மற்ற அறிவிப்புகள், ஒப்புதல் படிவங்கள் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வந்துவிடும்.

---

செம்பவாங் சித்தி

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அக்கா மகன் தொடக்கநிலை 4. மாமாவுக்கு வேலை போய்விட்டது. கட்டண உதவி கேட்க அக்காவுக்குக் கூச்சம். மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள். கட்டணமே மாதம் கொஞ்சம்தானே, இதற்குப் போய் மனு போடுவதா என்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

---

முன்னாள் எழுத்தர்

உங்கள் அக்காவிடம் இதை அப்படியே காட்டுங்கள்.

குடியுரிமை உள்ள பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணம் இல்லை, இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. அது சிறிய தொகைதான். ஆனால் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் அந்த 13 வெள்ளியோடு நிற்பதில்லை. பாடப்புத்தகம் இலவசம், சீருடை இலவசம், பள்ளி உணவகத்தில் சாப்பாட்டுக்கு உதவி, போக்குவரத்துக்கு உதவி எல்லாம் அதில் வருகிறது. ஜனவரியில் புத்தகக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். 2025 முதல் வருமான வரம்பையும் உயர்த்திவிட்டார்கள்: குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது ஆளுக்கு 1,000 வெள்ளிக்குள். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். ஒரே சம்பளத்தில் ஐந்தாறு பேர் இருக்கும் வீடுகள் இரண்டாவது கணக்கைப் பார்ப்பதே இல்லை. மொத்த வருமானம் கூடிவிட்டது என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். வகுப்பில் யாரும் பெயர் வாசிக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பு தனி அலமாரியில் பூட்டி இருந்தது. பிள்ளையைக் கூப்பிட வேண்டி வந்தால்கூட வேறு காரணம் சொல்லித்தான் கூப்பிடுவோம். கூச்சப்பட்டு வராமல் போன குடும்பங்களை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். பிள்ளை சாப்பிடாமல் இருப்பது உணவகக் கடைக்காரருக்கு முதலில் தெரியும், பிறகு ஆசிரியருக்கு, எல்லாருக்கும் பிறகுதான் எங்களுக்கு. அதுவரை பொறுக்க வேண்டாம். ஆண்டு நடுவிலும் மனு போடலாம்.

பிள்ளைகளின் படிப்புக்காக அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 230 வெள்ளி வருகிறது. இதரக் கட்டணத்தில் பள்ளியே நிர்ணயிக்கும் இரண்டாம் நிலைப் பகுதியையும் பள்ளியின் வளப்படுத்தும் வகுப்புகளையும் அதிலிருந்து கட்டலாம். படிப்பில் துணை தேவைப்பட்டால் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் ஸ்டெப் துணைப்பாட வகுப்பைக் கேளுங்கள். சிண்டா அலுவலகம் பீட்டி ரோட்டில் இருக்கிறது. அங்கே தமிழிலேயே பேசலாம்.

---

தமிழாசிரியை

மேலே சொன்னதை நானும் உறுதிப்படுத்துகிறேன். என் வகுப்பில் யார் உதவி பெறுகிறார் என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்ததே இல்லை.

---

பொங்கோல் அம்மா

போய்விட்டு வந்தேன்! விவரம் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ், விடுகைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் வைத்தேன். அந்த ஊழியர் சீனப் பெண்மணி. முதலில் மூன்று பெயரையும் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பிறகு பென்சிலால் எண்ணைத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். 'ஒரே ஆள்தான்' என்று சொல்லிச் சிரித்தார். பழைய பள்ளியின் மாணவர்களுக்கும் 2ஏ உண்டு என்று சொல்லி, என்னென்ன ஆவணங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாமியார் பற்றியும் கேட்டேன். பள்ளியில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், வந்தால் கூப்பிடுகிறோம் என்றார். முதல் வாரத்தில் அவரைக் கூட்டிவரச் சொன்னார்.

பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேரவும் பெயர் கொடுத்துவிட்டேன். அதில் தமிழ்ப் பெற்றோர் யாரும் இல்லையாம். 2பி கட்டத் தொண்டூழியத்துக்கு 40 மணி நேரம் கணக்கு வைக்கிறார்கள், எனக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. ஜனவரியில் புதிய பிள்ளைகள் வரும்போது வாசலில் நின்று தமிழ்ப் பாட்டி தாத்தாக்களுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும், அதற்காகத்தான்.

செம்பவாங் சித்தி, உங்கள் அக்காவுக்கு மனுப் படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பொங்கோல் வட்டார நூலகத்தில் இருப்பேன். சம்பளச் சீட்டு, அடையாள அட்டைகளின் நகல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

---

செம்பவாங் சித்தி

அக்காவிடம் இந்த இழையை முழுசாகப் படித்துக் காட்டினேன். ஆளுக்கு 1,000 வெள்ளிக் கணக்கில் அவர்கள் வீடு வருகிறது. சனிக்கிழமை நானும் அவளும் வருகிறோம். மாமாவின் வேலை நீக்கக் கடிதமும் கொண்டுவர வேண்டுமா?

---

முன்னாள் எழுத்தர்

கொண்டுவாருங்கள். கடைசிச் சம்பளச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.